கலை உள்ளே, அம்மா வெளியே!

திருச்சி விமான நிலைய வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போகிற பிள்ளையை வழியனுப்ப, வேன் பிடித்துக் குடும்பமே வந்து நிற்கும். பறப்பவர் ஒருத்தர், வாசலில் பத்துப் பேர்!

அந்தப் பத்துப் பேரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

புது முனையத்தை 2024 ஜனவரி 2-ந் தேதி பிரதமர் திறந்து வைத்தார். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். நெரிசல் நேரத்தில் சுமார் 3,500 பிரயாணிகளைச் சமாளிக்கலாமாம். வெறும் கண்ணாடிப் பெட்டியாகக் கட்டி விடாமல், கோலக் கலையையும் ஸ்ரீரங்கம் கோயிலின் வண்ணங்களையும் சேர்த்தார்கள். நல்ல காரியம். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால், உள்ளே இருக்கிற சித்திரங்களை யார் பார்க்கிறார்கள்?

டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பாதுகாப்பு விஷயம். காவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், தினமும் விடியக்காலை வாசல் தெளித்துக் கோலம் போடுகிற தாய், கண்ணாடிக்கு வெளியேதானே நிற்கிறாள்?

மும்பையிலும் இதே கதைதான். 2014-ல் திறந்த இரண்டாவது முனையத்தில் ராஜீவ் சேத்தி மேற்பார்வையில் சுமார் 3 கிலோமீட்டர் நீளக் கலைச் சுவர் அமைத்தார்கள். நாடெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான கலைப் பொருட்கள்! பார்க்க வேண்டுமா? விமான டிக்கெட் எடு!

சிங்கப்பூர் சாங்கியில் வேறு மாதிரி யோசித்தார்கள். முதலாவது முனையத்தில் 2012-ல் செம்பு போர்த்திய 1,216 அலுமினிய மழைத்துளிகளைக் கம்பியில் தொங்க விட்டார்கள். மோட்டார் இழுக்க இழுக்க, துளிகள் ஏறி இறங்கி உருவம் மாறும். வைத்த இடம் எது? சோதனைக்கு முன்னால் உள்ள புறப்பாட்டுக் கூடம். வழியனுப்ப வந்தவரும் அண்ணாந்து பார்க்கலாம்!

"பறக்கிறவன் காசு கொடுக்கிறான், அவன் பார்க்கிறான். உனக்கென்னய்யா?" என்று கேட்கலாம். அந்த டிக்கெட்டுக்கு எந்தத் தாயின் நகை அடகுக் கடைக்குப் போயிற்றோ, யார் கண்டது?

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. வழியனுப்புவோர் நிற்கிற இடத்தில் நிழலும் பெஞ்சும் போடுங்கள். எதிரே ஒரு சுவர் எழுப்பி, நம்ம ஊர் ஓவியரை வரையச் சொல்லுங்கள். கீழே அவர் பெயரையும் எழுதுங்கள்.

விமானம் ஏறுகிறவனுக்கு ஆயிரம் கவலை. சித்திரம் கண்ணில் பட்டாலும் மனதில் நிற்காது. பிள்ளையை அனுப்பிவிட்டு அழுகிற தாய்க்கு, கண்ணை ஒரு நிமிஷம் திருப்ப ஒரு சுவர் வேண்டாமா?