என்டர் தட்டும் முன் குவெரியைப் படியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், கமாண்ட் ஷெல் என்னும் கறுப்புத் திரை தவறித் திறந்தாலே பதறி மூடிவிடுவார்கள். இப்போது அந்தத் திரைக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து என்ன தகவல் வேண்டும் என்று சாதாரண ஆங்கிலத்தில் டைப் செய்தால் போதும் (தங்லிஷும் ஓரளவு புரிகிறது!), ஏ.ஐ. மொழி மாடல் அதற்கான எஸ்.க்யூ.எல். குவெரியை எழுதித் தந்துவிடும். சைமன் வில்லிசன் 2023-ல் வெளியிட்ட 'எல்.எல்.எம்.' என்னும் இலவச புரோகிராம், மாடலை ஷெல்லிலிருந்தே அழைக்க உதவுகிறது.

என்னுடன் வேலை பார்க்கும் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஐ.பி.எம்.மில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் இந்த மொழியை அறிமுகப்படுத்தியதே, புரோகிராமர் அல்லாதவர்களும் டேட்டாபேஸைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் ஏ.ஐ. எழுதியதைப் படிக்காமல் ஓட விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எங்கள் முக்கூடலில் பீடி சுற்றும் குடும்பங்கள் அதிகம். ஒரு பீடிக் கடைக் கணக்கு எஸ்க்யூலைட் பைலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டேபிளில் கொடுத்த இலை. இன்னொன்றில் வந்த பீடி. ஒரு பெண்மணி ஒரு வாரத்தில் மூன்று முறை இலை வாங்கி, இரண்டு முறை பீடி கொடுத்திருக்கிறார். முதலில் 1200, அடுத்து 800, மொத்தம் 2000. "வாங்கிய இலை எவ்வளவு, கொடுத்த பீடி எவ்வளவு?" என்று கேட்கிறீர்கள். மாடல் இரண்டு டேபிள்களையும் கார்டு நம்பரை வைத்து நேராக 'ஜாயின்' செய்து கூட்டினால், பீடி 6000 என்று வரும்! ஒவ்வொரு பீடிப் பதிவும் மூன்று இலைப் பதிவுகளோடும் தனித்தனியே ஜோடி சேர்ந்து, மூன்று முறை கூட்டப்பட்டுவிடுகிறது. அதேபோல் இலையும் இரட்டிப்பாகும். எரர் மெசேஜ் எதுவும் வராது. பீடி கூடினால் கூலி கொடுப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இலை கூடினால்? வாங்காத இலைக்கு அந்தப் பெண்மணிதான் பதில் சொல்ல வேண்டும்.

தகவல் அழிந்துபோவது இன்னொரு ஆபத்து. 2025 ஜூலையில், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏ.ஐ. ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸை அழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் அதில் இருந்தன. நல்லவேளை, பிறகு மீட்க முடிந்தது.

எஸ்க்யூலைட் பயன்படுத்துபவர்களுக்கு இதைத் தடுக்க எளிய வழி உண்டு. பைலைத் திறக்கும்போது 'ரீட்ஒன்லி' ஆப்ஷனுடன் திறங்கள். எந்தக் குவெரியும் அதை மாற்ற முடியாது. பைலுக்கு ஒரு காப்பியும் எடுத்து வையுங்கள். கூட்டல் பிழைக்கு இது உதவாது. அதற்கு ஒரே ஒருவரின் கணக்கைக் கையால் கூட்டி, திரையில் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலக்ட், வேர், குரூப் பை, ஜாயின் ஆகிய நான்கையும் கற்றுக்கொண்டால் பெரும்பாலான குவெரிகளைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். இதற்கு இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை.

இன்னொன்று: இன்டர்நெட் வழியே இயங்கும் மாடலுக்கு டேபிளின் அமைப்பை மட்டும் கொடுங்கள். குவெரி எழுத அதற்கு யாருடைய பெயரும் கூலியும் தேவையில்லை.