வரவேற்க ஆளில்லாத சிப்பாய்

1990 மார்ச் 24. திரிகோணமலையிலிருந்து இந்திய அமைதிப் படையின் கடைசிப் பிரிவு கப்பலேறியது. சென்னைத் துறைமுகம் வந்து இறங்கிய படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் தமிழர்களைக் கொன்ற படைக்கு வரவேற்பா என்பது அவர் கேள்வி. தலைநகரிலும் உற்சாகம் இல்லை. படையை அனுப்பிய ராஜீவ் காந்தி அப்போது எதிர்க்கட்சித் தலைவர். பிரதமர் வி.பி. சிங்குக்கோ முந்தைய அரசு விட்டுப்போன கசப்பான கணக்கை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது. 32 மாதங்கள், சுமார் 1,200 உயிர்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட காயங்கள். சொந்தம் கொண்டாட யாரும் முன்வராத ஒரு போரிலிருந்து சிப்பாய்கள் சத்தமில்லாமல் வீடு திரும்பினார்கள்.

அந்தப் போருக்கு ஒரே ஒரு பரம் வீர் சக்ரா கிடைத்தது. அது ஒரு பம்பாய்த் தமிழருக்கு.

மேஜர் ராமஸ்வாமி பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13 அன்று பம்பாயில் பிறந்தவர். படித்தது எஸ்.ஐ.இ.எஸ். பள்ளியில். 1932ல் மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சங்கத்தின் பள்ளி அது. பிறகு அதே சங்கத்தின் சயான் கல்லூரி. தாராவிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். 1968ல் அறிவியல் பட்டம் வாங்கினார். அந்த நாளில் மாட்டுங்காத் தமிழ் வீட்டுப் பட்டதாரிக்கு வழக்கமாகக் காத்திருந்தவை வங்கி வேலை, ரயில்வே வேலை, ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியின் மேஜை. பரமேஸ்வரன் 1971ல் சென்னையிலிருந்த ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அடுத்த ஆண்டு ஜூனில் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரி ஆனார்.

1987 நவம்பர் 25, யாழ்ப்பாணம் கந்தரோடைப் பகுதி. ஆயுதங்களைத் தேடிப்போன 8வது மஹார் பட்டாலியனின் ஒரு குழு இரவில் திரும்பிக்கொண்டிருந்தபோது பதுங்கியிருந்த புலிகள் தாக்கினார்கள். பரமேஸ்வரன் பின்பக்கமாகச் சுற்றிப்போய் அவர்கள் மேல் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவரது மார்பில் சுட்டார். சுட்டவரின் துப்பாக்கியையே பறித்து அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டு, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. அப்போது அவருக்கு வயது 41.

மேஜரை நாடு முழுதாக மறந்துவிடவில்லை. அவர் பயிற்சி பெற்ற சென்னை அகாதமியில் புது அதிகாரிகள் அணிவகுத்து வெளியேறும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். 2023 ஜனவரி 23 அன்று, பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் அந்தமானின் 21 தீவுகளுக்குச் சூட்டப்பட்டபோது ஒரு தீவு பரமேஸ்வரன் தீவு ஆனது. கேள்வி அவரைப் பற்றியதல்ல. அந்த இரவில் அவர் பின்னால் நடந்தவர்களைப் பற்றியது. உத்தரவைக் கேட்டவர்கள், திருப்பிச் சுட்டவர்கள், மேஜரைத் தூக்கி வந்தவர்கள். அவர்களுக்கும் அவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் என்ன கிடைத்தது?

வேலை முடிந்ததும் சிப்பாயைக் கழற்றிவிடும் பழக்கத்தை மஹார் ரெஜிமென்ட்டைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்டவர்களில் மஹார்கள் கணிசமானோர். செத்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்துத் தூண் எழுப்பிய அதே ஆங்கிலேயர், 1890களில் ‘போர்க் குலங்கள்’ என்றொரு கொள்கையைக் கையில் எடுத்து மஹார்களை ராணுவத்தில் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார் பதவி வகித்தவர். தந்தை உழைத்த ராணுவத்தின் கதவு மகன் தலைமுறைக்குச் சாத்தப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் 1917ல் ஒரு மஹார் படை திரட்டப்பட்டது. போர் முடிந்ததும் கலைக்கப்பட்டது. 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் கோரேகான் தூணுக்குப் போனது சும்மா மாலை போடுவதற்கல்ல. மறக்கப்பட்ட கடனை நினைவூட்டுவதற்கு. அடுத்த உலகப் போர் வந்து, 1941ல் பெல்காமில் மஹார் ரெஜிமென்ட் மீண்டும் பிறந்தது.

தமிழர்களுக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. பழைய சென்னை ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டதும் இதே கொள்கையால்தான். இன்று மஹார் ரெஜிமென்ட்டில் எல்லாச் சமூகத்தினரும் இருக்கிறார்கள். மாட்டுங்காத் தமிழர் ஒருவர் அதன் சிப்பாய்களோடு நின்று செத்தார் என்பதே அதற்குச் சாட்சி. ஆனால் வேலை முடிந்தால் மறந்துவிடும் அந்தப் பழைய வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒரு சாதாரண ஜவான் 15 முதல் 17 ஆண்டுகள் சேவை செய்துவிட்டு நாற்பது வயதை எட்டும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பிள்ளைகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். பென்ஷன் மட்டும் குடும்பத்துக்குக் காணாது. ராணுவத்தில் கற்ற தொழில்களில் வெளியே சுலபமாக விலைபோவது காவல் தொழில் ஒன்றுதான். மும்பையில் வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர்களிலும், செம்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேட்டில் பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்ப்பவர்களிலும் முன்னாள் ராணுவத்தினர் ஏராளம். 1987ல் இருபது வயதாயிருந்த சிப்பாய்க்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. கூரியர் பையனிலிருந்து குழாய் ரிப்பேர்க்காரர் வரை எல்லார் பெயரையும் நோட்டில் எழுதி வாங்குகிற அவரைக் குடியிருப்போர் ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிடுகிறார்கள். அவர் பெயர் என்ன, எந்த ரெஜிமென்ட், எங்கே சண்டை போட்டார் என்று கேட்பவர்கள் குறைவு.

1971 போருக்குப் போனவர் என்றாலோ கார்கில் போனவர் என்றாலோ கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இலங்கை என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கேட்பவர் தமிழராக இருந்தால் சங்கடம் இன்னும் அதிகம்.

அந்தச் சங்கடத்துக்குக் காரணம் இருக்கிறது. 1987 அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் உள்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். யாழ் ஆஸ்பத்திரி ஊழியர்கள் இன்றும் ஆண்டுதோறும் அந்த அக்டோபர் நாளில் தங்கள் தோழர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். இவற்றை மூடி மறைத்துவிட்டு அமைதிப் படைக்குப் புகழ்மாலை சூட்டினால் அது மரியாதையாகாது, விளம்பரமாகும்.

ஆனால் போரைத் தீர்மானித்தது சிப்பாயல்ல. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் சமாதானம் காக்கப் போகிறாய் என்று சொல்லி அனுப்பப்பட்டவர் அவர். யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். அக்டோபர் 10 அன்று ‘பவன்’ நடவடிக்கை தொடங்கியபோது அதே தெருக்களில் சண்டை போடச் சொன்னார்கள். மறுநாள் நள்ளிரவையொட்டி யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். புலிகள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி கே. சுந்தர்ஜியும் தமிழர், அவரும் மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானவர் என்பது வரலாற்றின் விசித்திரம். பின்னாளில் படைத் தளபதிகள் தேபிந்தர் சிங்கும் ஹர்கிரத் சிங்கும் புத்தகம் எழுதினார்கள். தூதர் ஜே.என். தீட்சித்தும் எழுதினார். தவறு எங்கே நடந்தது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் இருந்தது. சிப்பாய்க்குத் தன் பதிலைச் சொல்ல மேடை கிடைக்கவில்லை.

இந்த மௌனத்தால் லாபம் யாருக்கு? யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இல்லை. ஆஸ்பத்திரிச் சாவுகளுக்குச் சுதந்திரமான விசாரணை நடக்கவில்லை. சிப்பாய்க்கும் இல்லை. பல்கலைக்கழக மைதானத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு யாரும் பகிரங்கமாகக் கணக்குச் சொல்லவில்லை. இரு தரப்புக்கும் பதில் வரவேண்டிய இடம் ஒன்றே. பேசாமலிருப்பதால் தப்பித்துக்கொள்பவர்கள் முடிவெடுத்தவர்கள் மட்டும்தான். ஜவானை மதிப்பது ஈழத் தமிழரின் துயரத்துக்குத் துரோகம் என்று நினைக்கும் தமிழர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இதற்கு வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. வியட்நாம் போர் அமெரிக்காவை இரண்டாகப் பிளந்தது. திரும்பி வந்த சிப்பாய்களை ஊர் ஒதுக்கியது. கடைசியில் அந்தப் போரில் காலாட்படையில் இருந்த ஜான் ஸ்க்ரக்ஸ் என்பவர் முன்னின்று நன்கொடை திரட்டினார். 1982ல் வாஷிங்டனில் ஒரு கறுப்புக் கிரானைட் சுவர் எழும்பியது. அதில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், இறந்த வரிசையில். பெயரோடு பதவி கிடையாது. மேஜரும் சிப்பாயும் அங்கே ஒரே அளவு எழுத்தில் இருக்கிறார்கள். போர் சரி என்று அந்தச் சுவர் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. இத்தனை பேர் போனார்கள், திரும்பவில்லை என்று மட்டும் சொல்கிறது.

அமைதிப் படைக்கு அப்படியொரு சுவரை எழுப்பியது இந்தியாவல்ல, இலங்கை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இருக்கிறது. பிரதமர் நரேந்திர மோடி 2015லும் 2025லும் அங்கே மலர்வளையம் வைத்தார். டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25 அன்று. சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களோடு இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களும் அங்கே இடம்பெற்றன. கடைசிக் கப்பல் கிளம்பி 29 ஆண்டுகளுக்குப் பிறகு.

இறந்தவர்களுக்குத் தாமதமாகவேனும் கல் கிடைத்தது. உயிரோடிருப்பவர்களுக்குத் தேவை வேறு. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்குப் புனேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் இருக்கிறது. கட்கியில், ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத்தர 1917ல் தொடங்கிய குவீன் மேரி தொழிற்கூடம் இருக்கிறது. காலைக் கொடுத்த அரசு, அந்தக் காலுக்கான பென்ஷனைக் கொடுப்பதில்தான் வழக்காடுகிறது. சிக்னல் படைச் சிப்பாய் தரம்வீர் சிங் வலிப்பு நோயால் 1994ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ராணுவத்தில் சேரும்போது ஆரோக்கியமாக இருந்தவருக்குப் பிறகு வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013ல். ஒரு சிப்பாயின் பென்ஷனுக்குப் பத்தொன்பது ஆண்டுகள். அதற்குப் பிறகும் இத்தகைய வழக்குகள் நின்றபாடில்லை.

டிசம்பர் 7 கொடி நாள். 1949லிருந்து நடக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் கொடி, உண்டியலில் பத்து ரூபாய். அதோடு கடமை முடிந்ததென்று பலரும் நினைக்கிறார்கள். மும்பைத் தமிழர்கள் செய்யக்கூடியது அதைவிட அதிகம். ராணுவப் பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடிருப்பதை நிரூபித்தாக வேண்டும். அறுபது, எழுபது வயதுச் சிப்பாய்க்கும் எழுதப் படிக்கத் தெரியாத விதவைக்கும் இது இன்னொரு போர்க்களம். தாராவியிலும் செம்பூரிலும் கம்ப்யூட்டர் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? சங்கங்களுக்கும் குறைவில்லை. நவம்பர் 25 அன்று ஒரு ஹாலில் மேஜர் பரமேஸ்வரன் படத்துக்கு மாலை போட்டு, அதே ஹாலில் நான்கு கம்ப்யூட்டர்களை வைத்து, பகுதியிலுள்ள முன்னாள் சிப்பாய்களையும் விதவைகளையும் அழைத்து பாரத்தை நிரப்பிக் கொடுக்கலாம். பேச விரும்புகிறவரைப் பேசவும் விடலாம். அவர் சொல்வதில் பெருமையும் இருக்கும், குற்ற உணர்வும் இருக்கலாம். இரண்டையும் கேட்க வேண்டும்.

அமைதிப் படையை அனுப்பியது சரியா, தவறா என்ற வாதம் இன்னும் ஐம்பது ஆண்டுகள்கூட நடக்கட்டும். வரலாற்றாசிரியர்களுக்கு அவசரமில்லை. சிப்பாய்க்கு அத்தனை காலம் இல்லை.