ஓரியன் கேம்: முதல் பாகமா, இரண்டாம் பாகமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் வாரம் முடிவதற்குள் ஒரு சண்டை வரும். "இதுல எந்த கேமும் ஓடல" என்று பிள்ளைகள் சொல்வார்கள். "படிக்கத்தானே வாங்கிக் கொடுத்தோம்" என்று பெற்றோர் சொல்வார்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா (சித்தப்பா மகள்) வீட்டிலும் 2025 மே மாதம் இதே சண்டை. எட்டாம் வகுப்பு முடித்த மகனுக்காக, ஒரு ஆபீசில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார்கள். ராம் 4 ஜிபி. தனியாக கிராபிக்ஸ் கார்டு கிடையாது. நண்பர்கள் விளையாடும் கேம்களை இன்ஸ்டால் செய்தால் நின்று நின்று ஓடியது. அதற்குத் தேவையான கார்டின் விலையோ அந்தக் கம்ப்யூட்டரின் விலையை விட அதிகம்! பையன் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டான்.

"நீ சாப்ட்வேர் இன்ஜினியர்தானே, ஏதாவது பண்ணுடா. ஆனா படிப்பு கெடக் கூடாது" என்றார் அக்கா. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எப்படி?

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மாஸ்டர் ஆப் ஓரியன். விண்வெளியில் நாடு பிடிக்கும் பழைய கேம். முதல் பாகம் 1993-ல் வந்தது. ஸ்டீவ் பார்சியா வடிவமைத்தார். சிம்டெக்ஸ் தயாரிக்க, மைக்ரோபுரோஸ் வெளியிட்டது. இரண்டாம் பாகம் 1996-ல். டாஸ் காலத்துக் கேம்கள் என்பதால் இன்றைய எந்தக் கம்ப்யூட்டருக்கும் இவை சுமையே இல்லை.

ஆனால் எந்த பாகத்தைப் போடுவது? அக்காவின் தம்பி, அதாவது சித்தப்பா மகன், அருகில் இருந்துகொண்டே போனைப் பிடுங்கினான். "அண்ணா, போட்டா ரெண்டாவது பாகம்தான் போடணும். முதல் பாகத்தைப் போட்டு பையனைக் கெடுக்காதே." எங்கள் இருவருக்கும் இந்தச் சண்டை பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. உலகம் முழுவதும் இந்த கேமை விளையாடியவர்கள் போடும் சண்டையும் இதேதான்.

கேமை அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம். இது முறை வைத்து ஆடும் கேம். ஆடுபுலி ஆட்டம் போல, நீங்கள் ஆடி முடிக்கும் வரை எதிராளி காத்திருப்பான். சுடு, ஓடு, குதி எதுவும் இல்லை. உங்களிடம் ஒரே ஒரு கிரகம் இருக்கும். உளவு பார்க்க இரண்டு கப்பல்கள், குடியேற ஒரு கப்பல். அக்கம் பக்கத்து நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, குடியேறி, தொழிற்சாலை கட்டி, ஆராய்ச்சி செய்து, மற்ற இனங்களோடு நட்போ போரோ செய்து வளர வேண்டும். இந்த வகை கேம்களுக்கு 'போர் எக்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு. 1993-ல் இந்த முதல் பாகத்தைப் பற்றி கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு இதழில் எழுதும்போது ஆலன் எம்ரிச் என்பவர் வைத்த பெயர் அது.

நான் இதை முதலில் விளையாடியது 2012-ல், விழுப்புரத்தில், பத்தாம் வகுப்பில். அந்த வருட மின்வெட்டு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. சென்னையை விட்டு வெளியே வந்தால் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் கிடையாது. எங்கள் வீட்டு யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். கார் ரேஸ் விளையாடிக் கொண்டிருந்தால் எல்லாம் போச்சு. ஓரியனில் அந்தக் கவலை இல்லை. யு.பி.எஸ். 'பீப் பீப்' என்று கத்தத் தொடங்கியதும் சேவ் செய்து ஷட் டவுன் செய்துவிடலாம். மறந்தாலும் கேம் தானே ஒரு பதிவு வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். என் வயதுப் பையன் இருபது வருடத்துப் பழைய கேமுக்கு அடிமையானதற்கு தமிழ்நாட்டின் மின்வெட்டும் ஒரு காரணம்!

அடிமை என்ற வார்த்தையைச் சும்மா சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் கணக்கில் பெயில் ஆனேன். காரணம் இரண்டாம் பாகம். "இன்னும் ஒரே ஒரு முறை ஆடிவிட்டு எழுந்துவிடலாம்" என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். அம்மா கீபோர்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். மவுஸ் மட்டும் இருந்தாலே இந்த கேமை ஆட முடியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அதனால்தான் அக்காவுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

சரி, சண்டைக்கு வருவோம்.

முதல் பாகத்தில் ஒவ்வொரு கிரகத்துக்கும் ஐந்தே ஐந்து பட்டைகள். கப்பல், பாதுகாப்பு, தொழில், சுற்றுச்சூழல், ஆராய்ச்சி. எதற்கு எவ்வளவு செலவு என்று மவுஸால் இழுத்து வைத்தால் போதும். சுற்றுச்சூழலுக்குக் குறைத்தால் கழிவு சேர்ந்து கிரகம் பாழாகும். எல்லாவற்றுக்கும் கொடுக்கப் பணம் போதாது. வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரிதான். கப்பல் மாதிரிகள் ஒரே நேரத்தில் ஆறுதான் வைத்துக் கொள்ளலாம். ஏழாவது வேண்டுமென்றால் பழைய மாதிரி ஒன்றை, அதில் கட்டிய அத்தனை கப்பல்களோடும் சேர்த்து, உடைத்துப் போட வேண்டும். ஐம்பது கப்பல்களை இழக்கச் சம்மதமா என்று யோசித்து அரை மணி நேரம் நான் உட்கார்ந்ததுண்டு.

இரண்டாம் பாகத்தில் ஒவ்வொரு கிரகத்திலும் என்ன கட்டடம், எந்த வரிசையில் என்று நீங்களே பட்டியல் போட வேண்டும். விவசாயி எத்தனை பேர், தொழிலாளி எத்தனை பேர், விஞ்ஞானி எத்தனை பேர் என்று பிரிக்க வேண்டும். உங்கள் இனத்தையே நீங்கள் வடிவமைக்கலாம். எதிரிக் கப்பலில் வீரர்களை இறக்கிக் கைப்பற்றலாம். தளபதிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். மூன்று கிரகங்கள் இருக்கும்போது இதெல்லாம் சொர்க்கம். முப்பது கிரகங்கள் ஆனதும் ஒரு முறை ஆடி முடிக்கவே பத்து நிமிடம் ஆகும். அது எனக்கு ஆபீஸ் வேலை மாதிரி இருக்கிறது. "ஆட்டோ பில்ட் பட்டன் எதுக்கு இருக்கு?" என்பான் தம்பி. அந்த பட்டன் கட்டித் தரும் கட்டடங்களின் லட்சணத்தை நீங்களே பாருங்கள்.

2013 கோடை விடுமுறையில் நாங்கள் ஒரு சோதனை செய்தோம். முதல் பாகத்தில் ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கி, அந்த சேவ் பைலைப் பென் டிரைவில் காப்பி செய்து, நான் விழுப்புரத்திலும் அவன் திண்டிவனத்திலும் தனித்தனியாக ஆடினோம். இந்தக் கேம் 2300-ஆம் ஆண்டில் தொடங்கும். ஒரு முறை ஆடினால் ஒரு வருடம். 2400 வரை ஆடிவிட்டு மறுபடி பென் டிரைவோடு பாசஞ்சர் ரயில் ஏறி, முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டி திண்டிவனம் போய் ஒப்பிட்டேன்.

முதல் பாகத்தின் விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சில கண்டுபிடிப்புகள் உங்கள் பட்டியலில் இருக்கவே இருக்காது. அந்த ஆட்டத்தில் எங்களுக்கு வறண்ட கிரகங்களில் குடியேறும் வழி இல்லாமல் போனது. தம்பி நாலு கிரகத்தோடு நின்றுவிட்டான். நான் பக்கத்து இனத்திடம் ஒற்றர்களை அனுப்பித் திருடிக் கொண்டேன். "எனக்கு வேண்டியதை எடுக்க விடாத கேம் என்ன கேம்?" என்று கோபப்பட்டான். இரண்டாம் பாகத்தில் அப்படி இல்லை. பெரும்பாலான இனங்களுக்கு, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று கண்டுபிடிப்புகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்லும். தேர்வு நம் கையில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தானியங்கித் தொழிற்சாலையா, ஏவுகணைத் தளமா என்று கேட்டால் பத்து ஆட்டத்தில் பத்து முறையும் தொழிற்சாலையைத்தான் எடுப்பீர்கள். அப்புறம் என்ன தேர்வு?

இல்லாததை வைத்துச் சமாளிப்பதுதான் விளையாட்டு என்பது என் கட்சி. தனக்குப் பிடித்ததைத் தானே கட்டி எழுப்புவதுதான் விளையாட்டு என்பது அவன் கட்சி. இப்போது அவன் திண்டிவனத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நான் யாரோ எழுதிய பழைய புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன்.

மூன்றாம் பாகத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டையே இல்லை. 2003-ல் வந்த அதை விளையாடியவர்களில் பெரும்பாலோர் சொன்ன குறை ஒன்றே. கேம் தன்னைத்தானே ஆடிக் கொள்கிறது, நாம் கணக்குப் பட்டியலைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். 'போர் எக்ஸ்' என்று பெயர் வைத்த அதே எம்ரிச் அதை வடிவமைக்கத் தொடங்கியவர். கேம் வெளிவரும்போது குழுவில் அவர் இல்லை. 2016-ல் அர்ஜென்டினாவின் என்ஜிடி ஸ்டுடியோஸ் தயாரித்து வார்கேமிங் வெளியிட்ட புதிய பதிப்பு பார்க்க அழகு. ஆனால் கப்பல்கள் போட்ட பாதையில்தான் போக முடியும், சண்டையும் முறை வைத்து நடப்பதில்லை என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது எப்படியும் ஒத்துவராது.

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நான் திண்டிவனத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொடும் அளவுக்கு வெள்ளம் வந்து, டிசம்பர் 2-ஆம் தேதி ரயில்களை நிறுத்திவிட்டார்கள். விழுப்புரத்தில் அம்மா தனியாக இருந்தார். போன் கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை, நெட் இல்லை. இருந்தது என் லேப்டாப்பும் மூன்று மணி நேர சார்ஜும்தான். யோசித்து யோசித்துத் தலை வெடிப்பதற்குப் பதில் இரண்டு பேரும் ஓரியன் ஆடினோம். அவன் விருப்பப்படி இரண்டாம் பாகம். அதில் ஹாட் சீட் என்ற வசதி உண்டு. ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடலாம். முதல் பாகத்தில் அது கிடையாது, தனியாகத்தான் ஆட வேண்டும். சார்ஜ் தீரும்போது ஆட்டம் பாதிகூட வரவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நான் அம்மாவை நினைத்துப் புலம்பவில்லை. (மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு போனிலிருந்து அம்மாவே பேசினார்.)

இதையெல்லாம் மனதில் வைத்தும், அக்கா மகனுக்கு முதல் பாகத்தைத்தான் போட்டுக் கொடுத்தேன். காரணம் சாதாரணமானது. முதல் பாகத்தின் ஸ்கிரீனில் எந்த ஆண்டு என்று தெரியும். ஒரு முறை ஆட ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்தான். ஒரு நாளைக்கு முப்பது வருடம் என்று விதி வைத்தேன். "அரை மணி நேரம்" என்று சொன்னால் எந்தப் பையனும் கேட்க மாட்டான். "2330 ஆனதும் எழுந்திரு" என்றால் கேட்கிறான். அக்காவுக்குக் கேம் புரிய வேண்டாம், வருடத்தைப் படித்தால் போதும். இரண்டாம் பாகத்தில் முப்பது முறை ஆடக் கடைசியில் ஐந்து மணி நேரம் ஆகும். காலாண்டுத் தேர்வு ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு காரணம் ஆங்கிலம். அவன் தமிழ் வழியில் படிக்கிறான். முதல் பாகத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் குறைவு. ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு இரண்டே வாரத்தில் பழகிவிட்டான்.

எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். ஜிஓஜி என்ற தளத்தில் முதல் இரண்டு பாகங்களும் சேர்த்தே விற்பனைக்கு வந்தன. அடிக்கடி தள்ளுபடியும் உண்டு. டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமோடு சேர்ந்தே வருவதால் டபுள் கிளிக் செய்தால் ஓடும். காசே வேண்டாம் என்றால், முதல் பாகத்தை ஒட்டி ரே பவுலர் என்பவர் உருவாக்கிய 'ரெம்னன்ட்ஸ் ஆப் தி பிரிகர்சர்ஸ்' இலவசம். முகம் தெரியாத தளங்களிலிருந்து பழைய கேம்களை இறக்காதீர்கள். கேமோடு வைரசும் வரும். (என் காலத்தில் நான் எந்த சிடியில் விளையாடினேன் என்று கேட்காதீர்கள்.)

ஜூலையில் ஒரு நாள் பையன் போன் செய்தான். "பெரிய மாமா, எல்லா இனமும் கூடி ஓட்டுப் போட்டாங்க. சைலான்தான் ஜெயிச்சான். ஒத்துக்கணுமா, எதிர்க்கணுமா?" எதிர்த்தால் அத்தனை பேரும் சேர்ந்து அவன்மேல் பாய்வார்கள் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதிர்க்கிறேன்" என்று போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் அக்கா பேசினார். அந்தப் போரைப் பார்க்கப் பள்ளி நண்பர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்களாம். ஒரு மவுஸுக்கு மூன்று பேர் சண்டை. பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "மூணு பேர் இருக்காங்க அண்ணா. இனிமே எந்த பாகம் போடணும், நீயே சொல்லு!"

சனிக்கிழமை திண்டிவனம் போகிறேன். பென் டிரைவில் இரண்டாம் பாகம் இருக்கிறது. முப்பது வருட விதியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.