நாடகம் நெட்டுருவுக்கு உரியதன்று

இயலையும் இசையையும் தன்னுள் அடக்கி நிற்பது நாடகம். அது கண்டும் கேட்டும் நடித்தும் உணர்தற்குரியது. எனினும் நடுநிலைப் பள்ளிகளில் அது பெரும்பாலும் எவ்வாறு கற்பிக்கப்பெறுகின்றது? உறுப்புகள் எவை, வகைகள் எவை என்னும் இரண்டு வினாக்களுக்கு விடையை நெட்டுருச் செய்து எழுதுவதோடு பாடம் முடிந்துவிடுகின்றது. தேர்வு கழிந்ததும் விடை மறந்துபோகின்றது. நாடகமோ பிள்ளைகளிடம் வந்து சேர்வதே இல்லை.

உறுப்புகளை உணர்த்துதல் அரிய செயலன்று. சிலம்பின் வழக்குரை காதை ஒன்றே போதும். வகுப்பறை மதுரை அரசவையாகட்டும், அதுவே களம். கண்ணகி, பாண்டியன், கோப்பெருந்தேவி, வாயிற்காவலன் ஆகியோர் கதைமாந்தர். கணவன் கள்வனல்லன் என்கின்றாள் கண்ணகி. கள்வனைக் கொல்லுதல் முறையே என்கின்றான் வேந்தன். இவ்விரண்டும் மோதுவது முரண். முரண் இல்லையேல் நாடகம் இல்லை. அரசியின் சிலம்பில் உள்ளவை முத்துகள். உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். அது திருப்பம். பிழையுணர்ந்த மன்னன் வீழ்ந்து மாள்வது முடிவு. இவற்றையெல்லாம் கோத்துச் செல்வது உரையாடல்.

சொல் மட்டும் போதுமா? போதாது. சொல்லுக்கு உயிர் தருவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார். காவலனாக வரும் சிறுவன் அச்சத்தையும், கண்ணகியாக வரும் சிறுமி வெகுளியையும் தம் முகத்தில் கொணரும்போது, அவ்வெட்டும் வெறும் பட்டியலாய் இரா.

அரங்கமும் அவ்வாறே. பெருவிரல் இருபத்துநான்கு கொண்ட கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடைய அரங்கையும், அதற்குரிய மூவகைத் திரைகளையும் அரங்கேற்று காதை கூறுகின்றது. பிள்ளைகள் தம் விரலால் ஒரு கோல் அளந்து, பள்ளி முற்றத்தில் அவ்வரங்கைக் கோடிட்டுப் பார்க்கலாமே!

இனி வகைகள். முடிவை நோக்கின் இன்பியல், துன்பியல். பொருளை நோக்கின் வரலாற்று நாடகம், குமுகாய நாடகம். நிகழும் முறையை நோக்கின் மேடை நாடகம், தெருக்கூத்து, தோற்பாவைக் கூத்து, வானொலி நாடகம். துன்பியல் என்னும் சொல் தன் பொருளைத் தானே உரைக்கின்றது. அயற்சொல்லை உருப்போட்டு அதற்கு வேறோர் உரையையும் உருப்போடும் இரட்டைச் சுமை பிள்ளைகளுக்கு இல்லை. பரிதிமாற் கலைஞர் 1897இலேயே 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலைத் தமிழுக்குத் தந்தார். ஆகவே, சொல் இல்லை, நூல் இல்லை என்று எவரும் குறைகூற இடமில்லை. இல்லாதது முயற்சியே.

திங்களுக்கு ஒரு பாடவேளையேனும் நடிப்புக்கென ஒதுக்குதல் ஆசிரியர் கடன். நன்கு பேசுவோரையே மேடையேற்றாமல், வாய்திறவாத பிள்ளைக்கும் ஒரு பங்கு அளித்தல் வேண்டும். ஆராயாது தீர்ப்பளித்த வேந்தனாக ஒருமுறை நின்று பார்த்த சிறுவன், நாளை எவரையும் ஆராயாது பழிக்கத் தயங்குவான். எந்த நெட்டுருவும் தரமுடியாத கல்வி அதுவன்றோ!