கார்டு செத்துவிட்டதா, மண்டோர் குழம்பிவிட்டாரா?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, லிங்கிப் பக்கத்துத் தோட்டமொன்றில் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மா ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் பழைய மாணவனின் தாயார்.

"சார், பையன் கம்ப்யூட்டர்ல விளையாடுறப்பல்லாம் பாதியில நின்னுபோவுது. பட்டணத்துக் கடையில காட்டினோம். கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சாம். புதுசு போட 800 வெள்ளியாம். போட்டுடலாமா சார்?"

இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியானது. அதில் ஏறக்குறைய பாதியைக் கேட்கிறார் கடைக்காரர். அந்தக் கணினியே சீட்டுப் பணத்தில் பழையதாக வாங்கியது. 'விளையாட்டுத்தானே, போகட்டும் விடுங்கள்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எஸ்.பி.எம். பாடம் படிப்பதும் அதே பெட்டியில்தான். மேலும், பையன் இரவில் வீட்டோடு இருக்கிறான் என்பதே அந்தத் தாய்க்குப் பெரிய நிம்மதி. அதன் விலையை நாம் யார் குறைத்துப் பேச?

"பொறுங்கம்மா, முதல்ல பார்த்துடுவோம்" என்று கூடவே புறப்பட்டேன்.

கணினிக்குள் 'டிரைவர்' என்று ஒன்று உண்டு. லாரி ஓட்டுபவர் அல்ல. நம் தோட்டத்து மண்டோரைப் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் மேனேஜர் ஒரு மொழியில் உத்தரவு போடுகிறார். களத்தில் வேலை செய்பவர் இந்தோனேசியராக இருக்கலாம், வங்காளதேசத்தவராக இருக்கலாம். இருவருக்கும் நடுவே நின்று, சொன்னதை விளங்கும்படி சொல்லி வேலை வாங்குபவர் மண்டோர். கணினியில் விண்டோஸ்தான் மேனேஜர். படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுதான் வேலையாள். டிரைவர் என்பது இடையில் இருக்கும் ஒரு மென்பொருள். கையால் தொடக்கூடிய பொருளன்று. ஆகவே அது 'எரிந்துபோகவும்' முடியாது.

இந்த மண்டோர் குழம்பினால் என்ன நடக்கும்? விண்டோஸ் பொறுமை இல்லாத துரை. கொடுத்த வேலைக்குக் கார்டிடமிருந்து 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், டிரைவரை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்லிவிடும். திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வரும். அதற்குள் விளையாட்டு மூடிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குக் கார்டு செத்ததாகத்தான் தோன்றும்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறக்கவில்லை. பையனிடம் கேள்விதான் கேட்டேன்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடிச்சு."

"அதற்குப் பிறகு என்ன மாற்றினாய்?"

"நான் ஒண்ணும் மாத்தல சார். ஒரு ராத்திரி அதுவா அப்டேட் ஆச்சு."

பாதி வழக்கு அங்கேயே தீர்ந்தது. இந்த ஒரு கேள்வியைக் கடையில் கேட்டிருந்தால் அந்த அம்மா எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு 'ஈவென்ட் வியூவர்' என்னும் பதிவேட்டைத் திறந்தோம். வருகைப் பதிவேடு போல, கணினியில் நடப்பவை நேரத்தோடு அதில் எழுதப்பட்டிருக்கும். விளையாட்டு நின்ற அதே நேரங்களில் 4101 என்ற எண்ணோடு, 'டிஸ்பிளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று, மீண்டும் எழுந்தது' என்ற பொருளில் வரிசையாகக் குறிப்புகள்.

மருந்து எளிதுதான். 'டிவைஸ் மேனேஜர்' போய், 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் கார்டின் பெயரை வலப்பக்கப் பொத்தானால் அழுத்தி, 'பிராப்பர்டீஸ்', 'டிரைவர்', 'ரோல் பேக் டிரைவர்'. பழைய மண்டோர் வேலைக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், கார்டைச் செய்த நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே பழைய டிரைவரை இறக்கிப் போட வேண்டும். 'டிரைவர் சரி செய்து தருகிறோம்' என்று விளம்பரம் காட்டும் வேறு எதையும் தொடாதீர்கள். கோப்பு பெரிது, தோட்டத்து லைனில் இரவு முழுக்க இழுக்கும். பட்டணம் போகும்போது பென்டிரைவில் கொண்டுவருவது உத்தமம்.

ஒரு மணி நேரம் விளையாடவிட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை. செலவு, ஒரு கிளாஸ் தேநீர். அதுவும் அவர்கள் கொடுத்தது.

எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று நினைத்துவிடாதீர்கள். விசிறி இரைந்து, பத்து நிமிடத்தில் நின்றால் தூசியையும் சூட்டையும் பாருங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திரையில் கோடுகள் விழுந்தால் டிரைவர் மேல் பழி இல்லை. அப்போது கார்டு, கம்பி, திரை இவற்றில் ஒன்று. ஒரே ஒரு விளையாட்டு மட்டும் நின்றால் அந்த விளையாட்டையே முதலில் சந்தேகியுங்கள்.

பெரிய இடத்திலேயே பழி மாறி விழுந்த கதை ஒன்றுண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சில்லுகள் இருந்த பெட்டிகளில் விளையாட்டுகள் திடீர் திடீரென நின்றன. 'கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை' என்று திரையில் அறிவிப்பு வந்தது. பலர் டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக் களைத்தார்கள். கார்டு செய்யும் என்விடியாவோ, இன்டெலிடம் போய்க் கேளுங்கள் என்றது. 2024 ஜூலையில் இன்டெல் உண்மையை ஒப்புக்கொண்டது: சில்லு தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிக் கெட்டுக்கொண்டிருந்தது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றித்தான் ஆகவேண்டும். 1972-இல் நம் பினாங்கில் தொழிற்சாலை திறந்த அதே இன்டெல்தான். திரையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் நல்ல கார்டுதான் குப்பைக்குப் போகும்.

பழைய கார்டு வைத்திருப்போர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளுக்காகச் சீர்செய்த டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நிறுத்தப்படும் என்று என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஆகவே அந்த வரிசையில் செகண்ட்ஹேண்ட் வாங்குவோர், நாளை வரப்போகும் விளையாட்டை நினைத்து வாங்க வேண்டாம். இப்போது ஓடுவது ஓடும்.

மாணவனிடம், ஒழுங்காக ஓடும் டிரைவரின் எண்ணை எழுதிவைக்கச் சொன்னேன், மறுபடி தானாக மாறிவிட்டால் எதற்குத் திரும்புவது என்று தெரியவேண்டுமே. பள்ளி நோட்டுத் தாளைக் கிழித்து, எண்ணையும் தேதியையும் எழுதி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். பெட்டியைத் துடைக்கும் அவன் அம்மா அந்தத் தாளின் மேல் மட்டும் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்கிறார்.