சிறு முற்றம், நிறைந்த வண்ணம்

கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தைக் கடந்து செல்வோர், முன்னர் தோப்பும் வயலுமாய் இருந்த இடங்கள் மனைகளாய்ப் பிரிந்து நிற்பதைக் காண்பர். வீடு கட்டியது போக, வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே எஞ்சுவது நாலைந்து அடி அகல மண்ணே. சிலர் சுத்தத்தைக் கருதி அதனைச் சிமெண்டு பூசி மூடிவிடுகின்றனர். வேறு சிலர் நாற்றுப்பண்ணைக்குச் சென்று, கண்ணிற்பட்ட நிறத்திலெல்லாம் ஒவ்வொரு செடி வாங்கி வந்து நெருக்கி வைக்கின்றனர். செலவழித்தும் அழகு கூடவில்லையே என்று பின்னர் அவர்கள் வருந்துவதுண்டு. இவர்களுக்காகவே முதலில் சில சொற்கள்.

வண்ணம் தனித்து நிற்கும் பொருளன்று. அருகில் இருப்பது எதுவோ அதைப் பொறுத்தே அது தோற்றம் கொள்கிறது. பிரெஞ்சு நாட்டு இரசாயன அறிஞர் மிஷெல் யூஜேன் செவ்ரோல் 1824ஆம் ஆண்டில் பாரிசு நகரின் கோபெலேன் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக அமர்த்தப்பட்டார். கறுப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை என்று அங்கே குறை கூறினர். அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை, கறுப்பை அடுத்து நீலத்தை வைத்து நெய்ததே அதனை வெளிறச் செய்தது. அடுத்தடுத்து நிற்கும் வண்ணங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்னும் இவ்விதியை 1839இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். துணிக்கும் ஓவியத்திற்கும் மட்டுமன்றி, மலர்ச்செடிகளை எவ்வாறு சேர்த்து நடுவது என்பதற்கும் அதில் இடம் தந்திருக்கிறார். செம்மஞ்சளுக்கு நீலம் நல்ல துணை, மஞ்சளுக்கு ஊதா, சிவப்புக்கு அதன் இலைப் பச்சையே போதும், பொருந்தாத இரண்டிற்கு நடுவே வெள்ளை நின்று சமாதானம் செய்யும்.

இதனை நம் பூக்காரப் பெண்களுக்கு எந்த நூலும் கற்பிக்கவில்லை. கதம்பச் சரத்தைப் பாருங்கள். செம்மஞ்சள் கனகாம்பரம், பச்சை மரிக்கொழுந்து, இடையே வெள்ளை மல்லிகை. கனகாம்பரத்தை மட்டும் தொடுத்தால் இத்துணை ஒளி வருவதில்லை.

புதுச்சேரியும் வண்ணத்தால் வாழ்ந்த ஊரே. அவுரிச் சாயம் தோய்த்த நம் நீலத் துணி ஒரு காலத்தில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைவரை சென்றது. 1826இல் இங்கு அமைக்கப்பட்ட தாவரவியல் தோட்டத்தோடு தொடர்புடைய அறிஞர் பெரோத்தே, அவுரியைப் பற்றியே 1842இல் ஒரு நூல் எழுதினார். 1870இல் இம்மண்ணிலேயே உயிர் நீத்தார்.

அந்தச் சாயத் தொழிலின் வழிவந்த பெரியவர் ஒருவர் தவளக்குப்பத்தில் எனக்குப் பழக்கம். இன்று மூடிக் கிடக்கும் மில்லொன்றில் சாயப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். இருபதடி நீளமும் ஐந்தடி அகலமுமே அவருடைய தோட்டம். மதில்மீது நீலச் சங்குப்பூக் கொடி. அதன் அடியில், பிற்பகல் நிழலில், ஒரே வரிசையாகப் பன்னிரண்டு கனகாம்பரம். இரு முனைகளிலும் வெள்ளை நந்தியாவட்டை. முற்றத்தில் அவ்வளவே. செம்பருத்தியைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். “சாமி, செவப்புக்குப் பக்கத்துல நின்னா கனகாம்பரம் மங்கிப்போகும். பத்துச் சாயத்தையும் ஒரே தொட்டியில ஊத்தினா சேறுதான் வரும்” என்றார். செவ்ரோல் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஒரே இனத்தைக் கூட்டமாக நடுவதும் முக்கியம். கெர்ட்ரூடு ஜீக்கில் என்னும் ஆங்கிலேய அம்மையார், கண்பார்வை குன்றியமையால் ஓவியத்தை விட்டுத் தோட்டத்திற்கு வந்தவர். 1908இல் மலர்த்தோட்டத்தின் வண்ணங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. அவர் கண்டது தனிப் பூக்களை அன்று; பெரிய பெரிய வண்ணப் பரப்புகளை. ஆகவே ஒவ்வோர் இனத்தையும் திரளாக நட்டார். அவர் வளர்த்த குளிர்நாட்டுச் செடிகள் நம் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்கா. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் முறையை மட்டுமே. மலைப்பகுதியிலிருந்து பூத்த நிலையில் லாரியில் வரும் தொட்டிச் செடிகளைப் பற்றியும் இதையே சொல்வேன்.

நம் கடலோர மணலும் வெயிலும் ஏற்கும் செடிகளுள் நித்தியகல்யாணிக்கு முதலிடம் தரலாம். கல்லறைப் பூ என்று சிலர் வீட்டில் வைக்கத் தயங்குவர். அச்செடியினின்று எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்துதான் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது என்று அறிந்தால் தயக்கம் நீங்கும். அடுத்து, காகிதப்பூ. கொமெர்சோன் என்ற தாவரவியலார் 1767இல் பிரேசில் நாட்டில் கண்டெடுத்து, தம் கப்பல் தலைவர் பூகேன்வில் பெயரை அதற்குச் சூட்டினார். நாம் பூவென்று போற்றுவது உண்மையில் வண்ணமேறிய இலையே. நடுவில் இருக்கும் சிறு வெள்ளைக் குழலே பூ. நீரை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் இது தழைக்குமேயன்றிப் பூக்காது.

மார்கழிக்கு ஊதா டிசம்பர் பூவும் மஞ்சள் துலுக்கச் சாமந்தியும் சேர்ந்தால் குடிலுக்கு வேறு அலங்காரம் வேண்டியதில்லை. சாமந்தி நாற்றைப் புரட்டாசியில் விட்டு, பெருமழை நாட்களில் தாழ்வாரத்தில் வைத்துக் காக்க வேண்டும்.

இனி, சிமெண்டு பூசியவர்களுக்கு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை கொட்டியது. நூறு சதுர அடி முற்றத்தின்மீது மட்டும் விழுந்த நீர் 4,000 லிட்டருக்கு மேல். அத்தனையையும் மண் குடித்திராது. ஆயினும் சிமெண்டு ஒரு குவளையைக்கூடக் குடியாது. எல்லாம் தெருவுக்கு ஓடித் தாழ்ந்த வீட்டாரின் வாசலில் நின்றது. கோடையிலோ நிலைமை நேர்மாறு. கடலோரக் கிணறுகளில் நல்ல நீர் இறங்க இறங்க, அவ்விடத்தை உப்புநீர் பிடிக்கிறது. மழை இறங்க வழியில்லாத ஊரில் இது இன்னும் விரைவாக நடக்கும். காரை முழுவதையும் உடைக்கச் சொல்லவில்லை. மதிலோரம் இரண்டடியைத் திறந்துவிட்டாலே காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் பிழைத்துக்கொள்ளும்.

நிறத்திற்காக அரளியை நட விரும்புவோர், சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதனைத் தவிர்ப்பது நலம். இலை, பூ, தண்டு அனைத்தும் நஞ்சு. மஞ்சளரளியின் விதை அதனினும் கொடிது. உண்ணிச்செடியையும் வீட்டுக்குள் அழைக்க வேண்டாம். அழகுக்கென்று வெளிநாட்டினின்று கொண்டுவரப்பட்ட அது, இன்று நம் காடுகளை அடைத்து நிற்கிறது.

காகிதப்பூவை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, இலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் பாதியளவு ஊன்றி, நிழலில் வையுங்கள். வேர்விட ஓரிரு மாதம் ஆகும். பத்து ஊன்றினால் சில பட்டுப்போகும்; எஞ்சியவற்றில் இரண்டை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள்.