பப்பாளிக்கு வைரஸ், நமக்கு வதந்தி

டிஸ்கி: விதைக் கம்பெனிக்கு ஜால்ரா அடிக்கிற பதிவு இல்லை இது. இயற்கை விவசாயத்தைத் திட்டுற பதிவும் இல்லை. முழுசாப் படிச்சுட்டு அப்புறமா கும்முங்க :-)

காரைக்குடி சந்தையில பப்பாளிக்கு விலை கேட்டுட்டு நின்னா, பக்கத்துல நிக்கிற யாராவது ஒரு அண்ணாச்சி சொல்லிடுவார். "தம்பி, விதையில்லாத பழம் வாங்காதீக, எல்லாம் மரபணு மாத்துனது." வாட்ஸப்பைத் திறந்தா அதே சங்கதி, கூடவே மண்டையோடு படம். விதையில்லாத திராட்சை, கொட்டை குறைஞ்ச தர்பூசணி, திசு வளர்ப்பு வாழை எல்லாம் ஒரே லிஸ்ட்டுல.

மக்களே, இந்தியாவுல எந்தப் பழத்துக்கும் மரபணு மாற்றுச் சாகுபடி அனுமதி கொடுத்ததே இல்லை. 2002-ல அனுமதி வாங்கினது பருத்தி. வெளிநாட்டுல இருந்து வர்ற ஆப்பிள், பப்பாளி உட்பட 24 பயிர்களுக்கு 'மரபணு மாற்றாதது'ங்கிற சான்றிதழ் வேணும்னு 2021 மார்ச்சுல இருந்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வச்சிருக்கு. விதையில்லாத திராட்சை இயற்கையா வந்த மாற்றம். நம்ம வாழைப்பழத்துல விதை போயி ஆயிரக்கணக்கான வருசம் ஆச்சு. அப்ப நம்ம ஆதித்தமிழனும் மான்சாண்டோ ஏஜெண்டா?

இது சும்மா அறியாமைன்னு விட்டுட்டுப் போக முடியல. ஏன்னா இதுல அடி வாங்குறது பழம் வளர்க்கிறவன்.

மலைவாழையை எடுத்துக்கங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன விருப்பாச்சியும் சிறுமலையும். முடிக்கொத்து வைரஸ் வந்து, திண்டுக்கல் பக்கத்து மலைகள்ல தோட்டம் தோட்டமா அழிஞ்சுது. அசுவினிப் பூச்சி பரப்பும், நோய் வந்த மரத்துக் கன்னை எடுத்து நட்டா அதுவும் பரப்பும். இதுல இருந்து மீள உதவினது திசு வளர்ப்பு. நோயில்லாத தாய்மரத்தைச் சோதிச்சு எடுத்து, அதோட திசுவுல இருந்து கன்னு உண்டாக்குறது. இதுல ஒரு ஜீனையும் யாரும் தொடல. இந்தக் கன்னைத்தான் நாம 'ஆய்வகத்து விஷம்'னு ஃபார்வர்டு பண்றோம். வாழைக்காரர் நல்ல கன்னு வாங்கவே யோசிக்கிறார்னா அதுல நம்ம பங்கும் இருக்கு.

சரி, நிஜமாவே மரபணு மாத்தின பழம் எங்க இருக்கு? ஹவாய்ல. பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் 1992-ல பூனாங்கிற பகுதிக்குள்ள நுழைஞ்சுது. ஹவாய் பப்பாளியில பெரும்பங்கு விளைஞ்சது அங்கதான். 1992-ல 5 கோடியே 30 லட்சம் பவுண்டா இருந்த விளைச்சல் 1998-ல பாதிக்கும் கீழ போச்சு. இந்த நோய்க்கு மருந்தே கிடையாது, வந்த மரத்தை வெட்டிப் போடணும். ஹவாய்ல பிறந்து கார்னெல் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த டென்னிஸ் கான்சால்வெஸ் குழு, அந்த வைரஸோட மேலுறை ஜீனையே பப்பாளிக்குள்ள வச்சுது. வைரஸ் வந்தா செடி அடையாளம் கண்டு அடக்கிடும். விவசாயிகள் குழு காப்புரிமைக்காரங்ககிட்ட உரிமம் வாங்கி, 1998-ல விதையை இலவசமாக் கொடுத்துச்சு. தோட்டம் பொழைச்சுது. வைரஸ் புரதம் வயித்துக்குள்ள போகுதேன்னு பயப்படுறவங்களுக்கு: நோய் வந்த சாதாரணப் பப்பாளியைத் தின்னாலும் அதே புரதம்தான் உள்ள போகும்.

அதே ஹவாய் தீவுக் கவுன்சில் 2013-ல மரபணு மாற்றுப் பயிருக்குத் தடை போட்டுச்சு. அப்பகூட பப்பாளிக்கு விலக்கு கொடுத்தாங்க. (அந்தத் தடையையே அப்புறம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு.) ஊர்க்காரனுக்கு எது பொழைப்புன்னு தெரிஞ்சிருக்கு.

அதுக்காக எல்லாம் சுபம்னு ஜல்லியடிக்க மாட்டேன். ஜப்பான் 2011 டிசம்பர் வரைக்கும் அந்தப் பப்பாளியை உள்ள விடல. அங்க ஏற்றுமதி பண்ண நினைச்சவர் தனித் தோட்டம் போட்டுக் காவல் காக்க வேண்டியிருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் என் தோட்டத்துக்கு வந்தா என்ன பண்றதுங்கிற கேள்வி நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல பிடி பருத்தி என்னாச்சு? குஜராத்துல இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடிக்கு அசராமப் போயிடுச்சுன்னு 2010-ல மான்சாண்டோவே ஒத்துக்கிட்டுது. வருசா வருசம் விதைக்குக் கடைக்குப் போய் நிக்கிறவனோட கோபத்தை மூடநம்பிக்கைன்னு சொல்றவங்க, ஏசி ரூம்ல உக்காந்து விஞ்ஞானம் பேசுறவங்க.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். ஒரு புரோகிராம் சரியில்லைன்னா "கம்ப்யூட்டரே வேணாம்"னு யாரும் சொல்றதில்லை. எந்த வரியில பக்? லைசென்ஸ் யார்கிட்ட? இதைத்தான் கேப்போம். விதைக்கும் அதையே கேளுங்க. எந்த ஜீன், எதுக்கு? யார் சோதிச்சது, சோதனை முடிவு எங்க? விதையை எடுத்து வச்சு மறுபடி நடலாமா?

கத்தரிக்காயில இதெல்லாம் நடந்துச்சா? 2009 அக்டோபர்ல பிடி கத்தரிக்கு வல்லுநர் குழு பச்சைக்கொடி காட்டுச்சு. 2010 பிப்ரவரி 9-ல ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வச்சார். நடுவுல ஏழு ஊர்ல மக்கள் கருத்துக் கேட்டாங்க. ஹைதராபாத்தும் பெங்களூரும் உண்டு, தமிழ்நாட்டுல ஒரு ஊர்கூட இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் சொந்த ரகங்கள்ல அதே ஜீனைச் சேர்த்து வச்சிருந்த மாநிலம் இது! பங்களாதேஷ் 2013-ல அனுமதி கொடுத்து, 2014-ல அரசு ஆராய்ச்சி நிறுவனத்தோட ரகங்களையே விவசாயி கையில கொடுத்துச்சு, விதை எடுத்து வச்சுக்கலாம்னு. நாம இங்க புழுவுக்குத் திரும்பத் திரும்ப மருந்தடிச்ச கத்தரிக்காயை எண்ணெய்க் குழம்பு வச்சுத் தின்னுக்கிட்டு 'மரபணுவை விரட்டிட்டோம்'னு மார்தட்டுறோம்.

என் கட்சி இதுதான். பொது நிறுவனம் உருவாக்கட்டும், சோதனை விவரம் முழுசாத் தமிழ்ல வரட்டும், பழத்துல லேபிள் ஒட்டட்டும், விதை உரிமை வளர்க்கிறவனுக்கு இருக்கட்டும். அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு சொல்ற முதல் வாய்ப்பு, மரத்தை வெட்டிப் போட்டுட்டு நிக்கிறவருக்குத்தான். 'வேணாம்'னு அவர் சொன்னா நானும் கூட நின்னு கொடி பிடிக்கிறேன். நகரத்துல பழத்தை நறுக்கித் தின்னுட்டு, அவருக்காக நாம பயந்து கொடுத்தது போதும்.

ஆட்டோ அனுப்ப நினைக்கிறவங்க, எந்தப் பழத்துல எந்த ஜீன்னு ஒரு வரி எழுதிட்டு அனுப்புங்க. பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு.